பிடியரிசியும் பத்து வெள்ளியும்

கோல சிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களுக்குள் ஒரு காலத்தில் வெளியாள் நினைத்தபடி நுழைந்துவிட முடியாது. தோட்டத்துச் சாலை, லயம், கள்ளுக்கடை, பள்ளிக்கூடம், கோயில் நிற்கும் மண் எல்லாமே கம்பெனிக்குச் சொந்தம். 1941-ல் கிள்ளான் வட்டாரத்தில் வெடித்துப் பரவிய வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வோடு, உறவினரும் நண்பரும் தடையில்லாமல் தோட்டத்துக்குள் வந்துபோக வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கையாக இருந்தது. உறவினருக்கே அந்த நிலை என்றால், வேதம் சொல்ல வரும் உபதேசியார் துரையின் தயவை நம்பித்தான் லயத்துக்குள் கால் வைத்திருக்க முடியும். திருச்சபை வரலாறுகள் எந்த ஊழியர் எந்த ஆண்டில் வந்தார் என்பதை விரிவாகச் சொல்கின்றன. அவருடைய வீட்டில் உலை கொதிக்க யார் காசு கொடுத்தார்கள் என்பதை ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. அந்த ஒரு வரியில்தான் உண்மையான வரலாறு இருக்கிறது என்பது என் கருத்து. ஊழியர் யாருக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருந்ததோ, அவருடைய முகம் பார்த்தே பேசவும் வேண்டியிருந்தது.

இதற்குத் தெளிவான சான்று இலங்கையின் மலைநாடு. அங்கே காப்பித் தோட்டங்களில் 1854-ல் தொடங்கிய 'தமிழ்க் கூலி மிஷன்' சர்ச் மிஷனரி சங்கத்தின் மேற்பார்வையில் நடந்தது. உபதேசியார்கள் திருநெல்வேலியிலிருந்து வந்தார்கள். செலவில் பெரும்பங்கைத் தோட்டத் துரைமார் சந்தாவாகக் கொடுத்தார்கள். அவர்களில் உண்மையான பக்தர்களும் இருந்தார்கள். அதை மறுக்கக் கூடாது. ஆனால் துரையின் சந்தாவில் வாழும் உபதேசியார், கங்காணியின் கடன் கணக்கைப் பற்றியோ பிடித்துக்கொண்ட கூலியைப் பற்றியோ எவ்வளவு தூரம் வாய் திறந்திருக்க முடியும்? மலாயாவில் மெதடிஸ்டுகளின் தொடக்கம் வேறு விதமாக இருந்தது. பெங்களூரில் பிறந்த வில்லியம் ஓல்டம் 1885-ல் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டபோது, அந்த ஊரிலேயே தன் பிழைப்புக்கு வழி தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. சீன வணிகரின் நன்கொடையும் பள்ளிக் கட்டணமும் அவருக்குக் கைகொடுத்தன. அதனால் அந்தப் பணி பட்டணத்திலும் ஆங்கிலப் பள்ளியிலும் வேரூன்றியது. கட்டணம் கட்ட வழியில்லாத பால்வெட்டுக்காரரின் லயம் அந்தக் கணக்குக்குள் எளிதில் வரவில்லை.

மூன்றாவது வழியொன்று தமிழர்களிடமே இருந்தது. யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ மாணவர்கள் 1900-ல் ஒரு சங்கம் அமைத்து, கடல் கடந்து தமிழகக் கரையிலுள்ள தொண்டிக்குத் தங்கள் செலவில் ஊழியரை அனுப்பினார்கள். 1902-ல் யாழ்ப்பாணம் போன வேதநாயகம் சாமுவேல் அசரியாவை அது உலுக்கியது. வெள்ளாளன்விளையில் பிறந்த அவர் அப்போது ஒய்.எம்.சி.ஏ. செயலராக இருந்தார். யாழ்ப்பாணத்தாரால் முடிந்தது, அவர்களைவிட எத்தனையோ மடங்கு பெரிய திருநெல்வேலிச் சபையால் ஏன் முடியவில்லை என்ற கேள்வியோடு ஊர் திரும்பினார். 1903 பிப்ரவரி 12-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. ஆள் நம் ஆள், பணம் நம் பணம், நிர்வாகம் நம் நிர்வாகம் என்று வைத்துக்கொண்டார்கள். நிஜாம் ஆட்சியில் இருந்த டோர்ணக்கல் பகுதிக்கு ஊழியர்கள் போனார்கள். மொழி தெலுங்கு, மண் வேறு, சாப்பாடு வேறு. அசரியாவே 1909-ல் குருப்பட்டம் பெற்று, அரிச்சுவடியிலிருந்து தெலுங்கு கற்க வேண்டிய அந்த ஊருக்குக் குடிபெயர்ந்தார். அந்த ஊழியர்களின் குடும்பங்களைத் தாங்கியதில் பெரிய மனிதர்களின் காசோலையைவிடப் பிடியரிசிக்குப் பங்கு அதிகம். உலையில் அரிசி போடுமுன் வீட்டுப்பெண் ஒரு பிடி எடுத்துத் தனிப்பானையில் போடுவாள். சேர்ந்தது ஆலயத்துக்குப் போய், விற்றுக் காசாகும். அறுப்பின் ஸ்தோத்திரப் பண்டிகையில் முதல் பலன்கள் ஏலம் போகும். ஒரு பூசணிக்காய் சந்தை விலையைப் போல் பல மடங்குக்குப் போவதும் உண்டு. பணம் சேர்ந்ததோடு, அரிசி களையும் ஒவ்வொரு வேளையும் யாரோ ஒருத்தி தான் பார்த்திராத டோர்ணக்கலை நினைத்தாள். ஒரு பிடி கொடுத்தவள் தனியாக ஊழியரை அதட்ட முடியாது. ஆனால் ஆயிரம் பேருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் சோம்பியிருக்கவும் முடியாது.

ஏழைகளின் வயிற்றிலிருந்து எடுத்து ஊழியரை வாழவைப்பது நியாயமா என்று கேட்கலாம். 1920-களின் இறுதியில் தோட்டத்தில் ஆணுக்கு நாட்கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பொருளாதார மந்தக் காலத்தில் அதுவும் குறைந்தது. அப்படிப்பட்டவர்களிடம் காணிக்கைப் பையை நீட்டுவது கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் தோட்டத்து மக்கள் கொடுக்க முடியாதவர்கள் என்று முடிவு கட்டுவது அவர்களைச் சிறுமைப்படுத்துவதாகும். 1950-களில் பல்கலைக்கழகத் தமிழ்க் கல்விக்காகக் கோ. சாரங்கபாணி திரட்டிய 'தமிழ் எங்கள் உயிர்' நிதிக்கு வெள்ளி வெள்ளியாகக் கொடுத்தவர்களில் தொழிலாளர்கள் இருந்தார்கள். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டதில் லயத்தையும் வேலையையும் இழந்துகொண்டிருந்தவர்களைத் திரட்டி 1960-ல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்வெட்டுக்காரர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிய பங்குப்பணத்தில் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டமே வாங்கப்பட்டது. கொடுக்கும் மனம் இருந்தது. பணம் எங்கே போகிறது என்று தெரிந்தபோது கையும் நீண்டது. அதே வெள்ளியைக் கட்டாயமாகப் பிடித்திருந்தால் அது கங்காணியின் பற்றுவரவுதான். பிடியின் அளவைக் கொடுப்பவளே தீர்மானித்தாள் என்பதுதான் இங்கே வேறுபாடு.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பிடியரிசியால் ஊழியரை அனுப்பலாம், மருத்துவமனை கட்ட முடியுமா? முடியாதுதான். அசரியா பேராயராக இருந்த டோர்ணக்கல் மறைமாவட்டத்திலேயே பள்ளிகளும் பணிகளும் இங்கிலாந்திலிருந்து வந்த பணத்தையும் சேர்த்துத்தான் வளர்ந்தன. ஆகவே வெளிப்பணமே ஆகாது என்று நான் வாதிடவில்லை. கட்டடத்துக்கு எங்கிருந்தும் பணம் வரலாம். ஊழியர் குடும்பத்தின் சோறு அதை அனுப்பிய சபையிடமிருந்து வர வேண்டும். ஒரே புரவலரை நம்பிப் போகும் குடும்பம், அவர் மனம் மாறிய மாதமே பெட்டியைக் கட்ட நேரும். நூறு வீடுகளை நம்பிப் போகும் குடும்பத்துக்கு, பத்து வீடு விட்டுப்போனாலும் அடுப்பு எரியும்.

இன்று வட சிலாங்கூரில் அந்த லயங்கள் பல இல்லை. பத்தாங் பெர்ஜுந்தையின் பெயர் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது. பிள்ளைகள் தொழிற்சாலைக்கும் பட்டணத்துக்கும் போய்விட்டார்கள். ஒரே லயத்தில் வீடு வீடாகப் பானை நீட்டிய வழி இனி நடக்காது. இந்த வட்டாரத்திலிருந்து ஒரு குடும்பம் வேறொரு நாட்டுக்கு ஊழியம் செய்யப் புறப்பட்டால், வசதியான இரண்டு மூன்று பேரைப் பிடித்துத் தேவையான தொகையைச் சீக்கிரம் சேர்த்துவிடலாமே என்ற ஆலோசனை கட்டாயம் வரும். அதற்கு இணங்காமல், கிள்ளானிலும் ரவாங்கிலும் சிதறிக் கிடக்கும் பழைய தோட்டத்துக் குடும்பங்களைத் தேடிப்போய், மாதம் பத்து வெள்ளிக்கு நூறு பேரைச் சேர்க்க ஓராண்டு ஆனாலும் அந்த ஓராண்டைச் செலவழித்துவிட்டே அந்தக் குடும்பம் புறப்பட வேண்டும்.