முதல் நீராட்டிய கரங்கள்

பங்கின் வரலாற்றை நாம் திருமுழுக்குப் பதிவேட்டிலிருந்தே தொடங்குவது வழக்கம். ஆனால் பெரும்பாலான குழந்தைகளுக்கு அதற்கு முன்பே ஒரு நீராட்டு நடந்துவிடுகிறது. முன்னாளில் மருத்துவச்சியும் பாட்டியும் வீட்டில் செய்த அப்பணியை இன்று ஆஸ்பத்திரித் தாதியர் செய்கின்றனர். அவர்களுள் கன்னியரும் உளர். அவர்கள் இப்பணிக்கு வந்த வழி எளிதன்று.

நோயாளரைப் பேணுவது கன்னியருக்குப் பழைய பணி. ஆயினும் பிரசவம் பார்ப்பது துறவற வார்த்தைப்பாட்டுக்குப் பொருந்தாது என்று திருச்சபைச் சட்டம் விலக்கியிருந்தது. இதனால் துன்புற்றவர்கள் தாய்மார்களே. வட இந்தியாவில் கோஷாப் பெண்கள் ஆண் மருத்துவரிடம் செல்லார். பெண் மருத்துவரோ மிகச் சிலர்.

இதைக் கண்டு வருந்திய ஸ்காட்லாந்து மருத்துவர் ஆக்னெஸ் மெக்லாரன் அம்மையார், இன்று பாகிஸ்தானிலுள்ள ராவல்பிண்டியில் 1909-இல் பெண்களுக்கென ஆஸ்பத்திரி அமையச் செய்தார். தடையை நீக்குமாறு உரோமையிடம் பலமுறை மன்றாடினார். 1913-இல் அவர் இறந்தபோதும் தடை நீங்கவில்லை. அதே ஆஸ்பத்திரியில் பணியாற்றிய ஆஸ்திரிய மருத்துவர் அன்னா டெங்கல், 1925-இல் வாஷிங்டனில் மருத்துவ மறைபரப்புச் சகோதரிகள் சபையை நிறுவினார். இறுதியில் 1936 பிப்ரவரி 11, லூர்து அன்னை திருநாளன்று, உரோமை அனுமதி வழங்கியது. தாய்மாரின் துயரைக் கேட்டுத் திருச்சபை தன் சட்டத்தைத் திருத்திக்கொண்டது. இதைச் சொல்ல நாம் நாணவேண்டியதில்லை.

வழக்கங்களும் அவ்வாறே திருந்துகின்றன. பிறந்தவுடன் குளிப்பாட்டுவதே தூய்மை என முன்பு எண்ணினோம். இன்று உலகச் சுகாதார நிறுவனம், முதல் குளியலுக்குக் குறைந்தது 24 மணி நேரம் பொறுக்கச் சொல்கிறது. ஈர உடல் விரைவில் குளிர்ந்துவிடும். மேனியிலுள்ள வெண்படலம் தோலுக்குக் காவல். முதல் மணி நேரம் தாயின் மார்போடு அணைந்து பால் குடிப்பதற்குரியது. "குளிப்பாட்டாமல் வைத்திருக்கிறார்களே!" என்று குறைகூறும் பெரியவர்கள் இதை மனத்திற்கொள்க.

அந்த முதல் குளியல் பெற்றோருக்குப் பாடமுமாகும். துண்டும் உடையும் முன்பே எடுத்துவைத்து, முழங்கையால் வெந்நீரின் சூடு பார்த்து, தலையையும் கழுத்தையும் தாங்கி, விரைவில் துவட்டி அணைக்கத் தாதி கற்றுக்கொடுக்கிறார். நடுங்கும் கையோடு தகப்பனும் பிள்ளையை ஏந்துகிறான். அவர் அருகில் நிற்பதே அவர்களுக்குத் துணிவு.

வீடு திரும்பியபின் அத்துணையை யார் தருவது? பங்கு மக்களாகிய நாமே. பிள்ளை பார்க்கச் செல்லும்போது அறிவுரையைக் குறைத்து, ஒருவேளைச் சோறு கொண்டுசெல்வோம். தாய் உறங்கினாளா எனக் கேட்போம். அவள் ஓயாது அழுதால், பேயென்றும் பிடிவாதமென்றும் சொல்லாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்.

திருமுழுக்குத் தொட்டியருகே பெற்றோருக்குத் துணைநிற்பதாக வாக்களிக்கிறோம். அவ்வாக்கை அவர்கள் வீட்டிலும் காப்பதே இந்த யூபிலிக்கு நாம் செய்யும் நன்றி.