பன்றிக்கறியே சாப்பிடாத வீட்டுப் பிள்ளைக்கு மூளையில் நாடாப்புழுவா?

நல்லா விளையாடிட்டிருந்த பிள்ளைக்குத் திடீர்னு ஒரு பக்கக் கை மட்டும் வெட்டி இழுக்குது. காய்ச்சல் இல்லை. ஸ்கேன்ல மூளையில் சின்னதா ஒரு வளையம். டாக்டர் 'நாடாப்புழு'ன்னு சொன்னதும் வீட்டுல எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "நாங்க சுத்த சைவமாச்சே, எப்படி டாக்டர்?"

நியாயமான கேள்வி. சரியா வேகாத பன்றிக்கறியைச் சாப்பிட்டவருக்குக் குடலில்தான் நாடாப்புழு வளரும். அவருடைய மலத்தில் வெளியேறும் முட்டை, கழுவாத கை, தண்ணீர், பச்சைக் காய்கறி வழியா இன்னொருவர் வாய்க்குள் போனால்தான் லார்வா ரத்தத்தில் கலந்து மூளைக்கு ஏறுது. அதனால சைவம், அசைவம்ங்கிற கணக்கே இங்க செல்லாது. பன்றிக்கறியைத் தொடாத நியூயார்க் யூதக் குடும்பங்களிலேயே இது வந்ததா 1992-ல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கு. முட்டைக்கோஸைப் பாவம் ஏன் திட்டணும்? அழுக்கு அதன் மேல ஒட்டியதுதான்.

ஸ்கேன்ல தெரியும் இந்த வளையத்தை ஒரு காலத்தில் நம் ஊர் டாக்டர்கள் காசநோய்க் கட்டின்னே நினைச்சாங்க. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் அதை அறுவை மூலம் எடுத்துப் பரிசோதிச்சு, பெரும்பாலும் நாடாப்புழு லார்வாதான்னு 1990-களின் தொடக்கத்தில் எழுதினாங்க. வேலூர் மாவட்டத்தில் வலிப்பு நோய் உள்ளவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு இதுவே காரணம்னு 2006-ல் அவங்க வெளியிட்ட ஆய்வு சொல்லுது.

திண்டுக்கல் பக்கம், 1947-ல் டாக்டர் சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமம், கிராம சுகாதாரத்தையும் தன் வேலையா எடுத்துக்கிட்ட இடம். இந்த நோயைத் தடுக்கும் வேலையும் அங்கேதான் தொடங்குது, அதாவது கழிப்பறையில். அப்புறம் சோப்பு. ஒட்டன்சத்திரம் மார்க்கெட் காயோ, வீட்டுத் தோட்டத்துக் கீரையோ, ஓடும் தண்ணியில் நல்லா அலசுங்க.

வலிப்பு வந்தா சாவி, செருப்பு தேடாதீங்க. பிள்ளையை ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாயில் எதையும் திணிக்காதீங்க, நேரத்தைப் பாருங்க. 5 நிமிஷம் தாண்டினா 108. சீக்கிரமே நின்னுட்டாலும், முதல்முறை வலிப்புன்னா ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும்.

ஒற்றை வளையம் பல குழந்தைகளுக்குச் சில மாதங்களில் தானாவே கரையும். வலிப்பு மாத்திரையை மட்டும் டாக்டர் சொல்லும்வரை நிறுத்தக் கூடாது.

அங்கன்வாடியிலும் பள்ளியிலும் 1 முதல் 19 வயது வரை கொடுக்கும் அல்பெண்டசோல் பூச்சி மாத்திரை குடல் புழுவுக்கானது, அதைத் தவறாம கொடுங்க. ஆனா மூளைக்குன்னு நீங்களா மெடிக்கல் ஷாப்ல வாங்கித் தராதீங்க. புழு சாகும்போதுதான் மூளையில் வீக்கம் கூடும், வலிப்பும் கூடலாம். அதனாலதான் டாக்டர்கள் அதை ஸ்டீராய்டு துணையோட, ஸ்கேனைப் பார்த்துத் தர்றாங்க.