பட்டு உற்பத்தியைக் காட்டும் சீன நீர்வண்ண ஓவியங்கள்

பட்டு உற்பத்தியைக் காட்டும் சீன நீர்வண்ண ஓவியங்கள், 18, 19ஆம் நூற்றாண்டுகளில் குவாங்சௌ (கான்டன்) நகரப் பட்டறைகளில் மேலைநாட்டு வணிகர்களுக்கு விற்பதற்காக வரையப்பட்ட தொடர் ஓவியங்கள் ஆகும். முசுக்கொட்டை இலை பறித்தல், புழு வளர்த்தல், கூடுகளை வெந்நீரிலிட்டு நூல் எடுத்தல், தறியில் நெய்தல் ஆகிய வேலைகள் இவற்றில் வரிசையாக இடம்பெறுகின்றன.

இவ்வரிசைக்கு முன்மாதிரி, 12ஆம் நூற்றாண்டில் சொங் அரசு அதிகாரி லோ சூ உருவாக்கிய உழவு, நெசவுப் படத்தொகுப்பாகும். உழவுக்கு 21, பட்டுக்கு 24 படங்களும் ஒவ்வொன்றுக்கும் ஒரு கவிதையும் அதில் இருந்தன. உழைப்பவர் படும் பாட்டைப் பேரரசர் அறியச் செய்வதே அதன் நோக்கம். 1696இல் காங்சி பேரரசரின் ஆணைப்படி, அரசவை ஓவியர் சியாவோ பிங்செனின் படங்களுடன் புதிய பதிப்பு அச்சாகிப் பரவியது. கான்டன் ஓவியர்கள் இக்காட்சிகளைத் தழுவி வரைந்தபோது பொதுவாகக் கவிதைகளைச் சேர்க்கவில்லை. அரசருக்கு உழைப்பின் அருமையை உணர்த்திய படங்கள், அயல்நாட்டவருக்குத் தொழிலின் படிநிலைகளைக் காட்டும் விற்பனைப் பொருளாயின.