ஃபாயில் அலைச்சறுக்குப் பலகை: அளவுத் தேர்வு

ஃபாயில் அலைச்சறுக்கு, அலைச்சறுக்கில் ஒரு வகை. பலகையின் அடியில் தூணும், அதன் முனையில் இறக்கைகளும் கொண்ட ஃபாயில் இருக்கும். வீரர் குப்புறப் படுத்துக் கையால் நீரைத் தள்ளி அலையைப் பிடிப்பார். வேகம் கூடியதும் இறக்கை பலகையை நீருக்கு மேலே தூக்கிவிடும். 2016 வாக்கில் ஹவாயின் கய் லெனி இதைப் பரவலாக அறியச் செய்தார்.

பலகையின் கன அளவு லிட்டரில் சொல்லப்படும். 65 கிலோ எடையுள்ளவருக்குப் பலகையும் ஃபாயிலும் சேர்ந்து 7 கிலோ என்றால் மொத்தம் 72 கிலோ. கடல்நீரில் 70 லிட்டர் பலகை ஏறக்குறைய அவ்வளவையும் தாங்கும். படுத்திருப்பவரின் உடலும் நீரில் ஓரளவு மிதப்பதால், தொடக்கநிலையினருக்கு உடல் எடைக்குச் சமமான லிட்டர் போதும். தேர்ந்தவர்கள் அதில் பாதியளவுக்குக்கூட இறங்குவார்கள்.

சிறிய பலகையைத் திருப்புவதும், காலால் அழுத்தி அழுத்தி வேகமெடுப்பதும் எளிது. ஆனால் அதைக்கொண்டு அலையைப் பிடிப்பது கடினம். நீளம் பெரும்பாலும் 4 முதல் 5 அடி. இறக்கை பெரிதானால் குறைந்த வேகத்திலேயே பலகை எழும்பும். மெல்லிய அலைக்கு அது பொருந்தும்.

சென்னை சிந்தாதிரிப்பேட்டைவாசிகள் செல்லக்கூடிய அலைச்சறுக்குக் களங்களில் ஒன்று, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள கோவளம். அவ்வூர் மீனவரான மூர்த்தி மேகவன் அங்கே அலைச்சறுக்குப் பள்ளி தொடங்கினார். ஆனால் களம் எதுவானாலும், ஆழம் குறைந்த இடத்தில் ஃபாயில் தரைதட்டும். தூணே பெரும்பாலும் 70 செ.மீ.க்கு மேல் இருக்கும். எனவே கரையோரம் உடையும் அலை இதற்கு உதவாது.