தள்ளாடிய நாயும் தூங்காத பூனையும்

இந்தியாவில் தந்தி வந்த கதையைப் படித்தவர்களுக்கு வில்லியம் புரூக் ஓஷானெஸி என்ற பெயர் தெரிந்திருக்கும். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த ஐரிஷ் மருத்துவர். அதே மனிதர் கஞ்சாவைப் பற்றி 1839-இல் எழுதிய கட்டுரையை, வலிப்பு நோயின் வரலாற்றுக்காகத்தான் தேடிப் படித்தேன். என்னைப் பிடித்து நிறுத்தியது அதில் வரும் ஒரு நாய்.

நடுத்தர அளவுள்ள அந்த நாய்க்குப் பத்து கிரெயின், அதாவது ஏறத்தாழ 0.65 கிராம் நேபாளச் சரஸைச் சாராயத்தில் கரைத்துக் கொடுக்கிறார். அரை மணி நேரத்தில் மந்தம். தூங்கி விழுது, திடுக்கிட்டு எழுது, வாலை ஆட்டுது, ஆவலாய்ச் சாப்பிடுது. கூப்பிட்டால் தள்ளாடுது. ஆறு மணி நேரத்தில் பழையபடி ஆகிவிடுகிறது. பூனை, பன்றி, காகம், கழுகு எல்லாம் இப்படியே கிறங்கின. குதிரை, மான், ஆடு, மாடு போன்றவற்றுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை.

பண்டிதர்களையும் ஹக்கீம்களையும் விசாரித்து, விலங்குகளில் பார்த்த பிறகே அவர் நோயாளிகளிடம் போனார். அவர்களில் ஒன்று நாற்பது நாள் பெண் குழந்தை. வலிப்பு விடாமல் வந்தது. அட்டை, அபின் எதற்கும் அடங்கவில்லை. கஞ்சாச் சாற்றைச் சொட்டுக் கணக்கில் கொடுத்தார். வலிப்பு நின்றது, திரும்ப வந்தது, அளவு கூடியது. கடைசியில் குழந்தை தேறியது. வலிப்புக்கு மிக மதிப்புள்ள மருந்து கிடைத்துவிட்டது என்று அவர் முடிவுக்கு வந்தார்.

ஆனால் அந்த நாய்க்கு வலிப்பே கிடையாதே! அவர் சோதித்தது போதையை. பச்சிளங்குழந்தைக்கு வரும் வலிப்பு தானாகவே நிற்பதும் உண்டு. ஒரு குழந்தை தேறியதை வைத்து மருந்தின் குணத்தைச் சொல்லிவிட முடியாது.

தேவைப்பட்டது, வலிப்பு வரவழைக்கப்பட்ட விலங்கு. அதற்குக் கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆனது. 1930களில் பாஸ்டனில் மெரிட்டும் பட்னமும் பூனைகளுக்கு மின்சாரம் செலுத்தி, எவ்வளவில் வலிப்பு வருகிறது என்று அளந்தார்கள். பிறகு மருந்து கொடுத்து மறுபடி அளந்தார்கள். அதுவரை கையில் இருந்த புரோமைடும் பீனோபார்பிட்டாலும் ஆளை அசத்தும் மருந்துகள். மயக்கினால்தான் வலிப்பு அடங்கும் என்பதே நம்பிக்கை. 1908-இலேயே தயாரிக்கப்பட்டு, தூக்கம் வரவழைக்காததால் மூலையில் கிடந்த பெனிட்டாயின், இந்தச் சோதனையில் ஜெயித்தது. பூனை தூங்கவில்லை, வலிப்பு தடைபட்டது.

கஞ்சாவுக்கு அந்த வாய்ப்பு தாமதமாகத்தான் வந்தது. தொகுதிக்குத் தொகுதி அதன் வீரியம் மாறியது, சட்டமும் இறுகியது. 1942-இல் அமெரிக்க அதிகாரபூர்வ மருந்துப் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டார்கள். 1973-இல் பிரேசிலில் கார்லினி குழுவினர், கஞ்சாச் சாறும் அதிலுள்ள போதை தராத கேனபிடியாலும் எலிகளை வலிப்பிலிருந்து காப்பதைக் காட்டினார்கள். 1980-இல் வெளியான சிறு சோதனையில் கேனபிடியால் பெற்ற 8 நோயாளிகளில் 4 பேருக்கு வலிப்பு ஏறக்குறைய நின்றது. டிராவே, லெனாக்ஸ்-காஸ்டோ போன்ற கொடிய வலிப்புகளுக்கு அமெரிக்கா அதை அனுமதித்தது 2018-இல். கல்கத்தா நாய்க்கும் இதற்கும் இடையே 179 வருஷம்.

இன்று ஆய்வகங்களில் மூலிகைச் சாறு கொடுத்த எலியைச் சுழலும் தண்டின்மேல் நிற்கவைத்தும் பார்க்கிறார்கள். தள்ளாடி விழுந்தால், சாறு வலிப்பைத் தடுத்ததா, எலியை மயக்கியதா என்ற சந்தேகம் எழும். எலியில் ஜெயித்ததும் பாதி வழிதான். மனிதரில் அளவும் ஆபத்தும் தெரிய வேண்டும். ‘மூலிகை வலிப்பைக் குணமாக்குது’ என்று கேள்விப்பட்டு மாத்திரையை நிறுத்துகிறவர்கள் நம்ம ஊரில் உண்டு. திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. அவர்களிடம் நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான்: அந்தச் செய்தியில் வரும் எலி எதைக் கடந்து வந்தது என்று முதலில் கேளுங்கள்.