சோதனை என்னும் சொல்லின் வரலாறு

சோதனையால் நிறுவப்படாத எதனையும் யாம் கொள்ளேம் என்பார் இக்காலத்துப் பலர். அவர் சோதனை என்று கருதுவது ஆங்கிலத்தில் எக்ஸ்பெரிமெண்ட் எனப்படுவதனையே. அச்சொல் பிறந்த இடத்தையும் கடந்துவந்த வழியையும் ஆராய்வார்க்கு, அதன் பொருள் தொடக்கத்தில் இத்துணைக் குறுகியதன்று என்பது விளங்கும்.

இலத்தீனில் எக்ஸ்பெரீரி என்னும் வினைக்கு முயன்று பார்த்தல் என்பது பொருள். எக்ஸ்பெரிமெந்தும், எக்ஸ்பெரியென்சியா என்னும் இரண்டும் அதனடியாகப் பிறந்த பெயர்கள். தேர்ச்சியுடையோனைக் குறிக்கும் பெரீத்துஸ் என்பதும், இடரைக் குறிக்கும் பெரிகுலும் என்பதும் இவற்றோடு ஒருவேரின. முயல்வோன் இடருக்கு உட்படுகின்றான். உட்பட்டு மீண்டோனே தேர்ந்தோன் ஆகின்றான். விவிலியத்தின் இலத்தீன் மொழிபெயர்ப்பில், யோசேப்பு தன் உடன்பிறந்தாரது வாய்மையை ஆராயப் புகுமிடத்து எக்ஸ்பெரிமெந்தும் என்னும் சொல்லே ஆளப்பட்டது. ஆண்டுக் கருவி யாதும் இல்லை. மாந்தர் உள்ளத்தைச் சோதித்தலே பொருள்.

இடைக்காலத்து ஐரோப்பியர் அவ்விரு பெயர்க்கும் பெரிதும் வேற்றுமை கண்டிலர். பயன் கண்ட மருந்து முறைகளையும் மறைவான மாயச் செயன்முறைகளையும் திரட்டிய சுவடிகளும் அக்காலத்து எக்ஸ்பெரிமெந்தா என்றே வழங்கின. இந்நிலையில், உரோசர் பேக்கன் என்னும் ஆங்கிலத் துறவி தமது ஓபுஸ் மாயுஸ் என்னும் பெருநூலை 1267-ஆம் ஆண்டளவில் இயற்றிப் போப்பரசர் நான்காம் கிளெமெந்துக்கு விடுத்தனர். அதன் ஆறாம் பகுதி அனுபவ அறிவு நூலைப் பற்றியது. வானவில்லின் உச்சி உயர்வு 42 பாகை என்று அளந்துரைத்ததும் அப்பகுதியே. அனுபவம் இருவகைத்து, ஒன்று புறப்பொறிகளான் வருவது, மற்றொன்று இறைவன் உள்ளொளி தருதலான் வருவது என்று வகுத்ததும் அப்பகுதியே. உள்ளனுபவத்திற்கு ஏழு படிகள் கூறி, தன்னை மறந்த பேருவகை நிலையை இறுதியில் வைத்தார். வானவில்லும் பேருவகையும் ஒரு தலைப்பின்கீழ் நிற்றலை இன்றைய விஞ்ஞானியார் எங்ஙனம் ஏற்பரோ அறியேம்!

அதே நூற்றாண்டினராகிய அருணந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியாரின் அளவையியலில், காட்சியை வாயிற்காட்சி, மானதக்காட்சி, தன்வேதனைக்காட்சி, யோகக்காட்சி என நான்காக வகுத்தமை ஈண்டு அன்பர்கட்கு நினைவிற்கு வரும். எனினும் இரண்டனையும் ஒன்றெனத் துணிதல் தவறாம். யோகக்காட்சி யோகநெறி முயற்சியாற் பெறப்படுவது. பேக்கன் கூறும் உள்ளொளி மேலிருந்து அருளப்படுவது.

சொல்லின் பொருள் குறுகியது 17-ஆம் நூற்றாண்டிலாம். பிரான்சிசு பேக்கன் 1620-இல் வெளியிட்ட நோவும் ஓர்கனும் என்னும் நூலில், தானே வந்தெய்தும் அனுபவம் தற்செயல், தேடிப் பெறும் அனுபவமே எக்ஸ்பெரிமெந்தும் என்று வரையறுத்தார். தேடுதல் என்னும் இவ்வொன்றே பின்னை வேறுபாட்டிற்கெல்லாம் வித்து. இரு கொள்கைகளுள் ஒன்றைத் துணிதற்குரிய சான்றினை அவர் குருசின் சான்று என்றனர். குருசு என்றது பாதைகள் பிரியுமிடத்து நடப்படும் கைகாட்டி மரத்தை. இராபர்ட் ஊக் 1665-இல் அதனைக் குருசின் சோதனை என்று மாற்றி வழங்கினார். நியூட்டன் 1672-இல் ஒளியைப் பற்றி வரைந்த கடிதத்தில் அத்தொடரையே மேற்கொண்டார். சிறு துளையிட்ட இரு பலகைகளையும் இரு முப்பட்டைக் கண்ணாடிகளையும் நிறுவி, நீலக்கதிர் செங்கதிரினும் மிகுதியாக விலகுதலைக் காட்டினார். ஆயின் வழக்கு அத்துடன் முடிந்ததோ? இல்லை. கண்டதை ஏற்கின்றேன், அதினின்று நீர் கொண்ட முடிபை ஏற்கிலேன் என்ற கருத்தினராய் ஊக் மறுத்தனர். சோதனை கண்முன் நின்றும், அதன் பொருள் கருதலளவையின்பாற்பட்டே நின்றது.

பிரெஞ்சு மொழியில் இன்றும் எக்ஸ்பெரியான்ஸ் என்னும் ஒருசொல்லே அனுபவம், சோதனை என்னும் இரண்டிற்கும் வழங்குகின்றது. இத்தாலியர் 1657-இல் புளோரென்சு நகரில் நிறுவிய கழகத்திற்குச் சிமெந்தோ என்று பெயரிட்டனர். பொற்கொல்லர் பொன்னைப் புடமிட்டுத் தூய்தாக்கப் பயன்படுத்திய உப்புக்கலவையின் பெயர் அது. பின்னர்ச் சோதித்தலுக்கு ஆயிற்று. நம்மவர் மேற்கொண்ட சோதனை என்பதும் வடமொழியில் தூய்மை செய்தல் என்னும் பொருளுடைய சோதனம் என்பதன் வழிவந்தது. பரீட்சை என்பதோ சுற்றிலும் நோக்குதல் என்னும் பொருட்டு. அதன்கண் தூய்மைக் கருத்து இல்லை.