பெயருள்ள கையும் பெயரற்ற கைகளும்: அலைப்பலகையின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

'உங்கள் ஊர் ஷேப்பரை ஆதரியுங்கள்.' கலிஃபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் அலைச்சறுக்குக்காரர்களிடையே புழங்கும் வாசகம் இது. ஷேப்பர் என்பவர் நுரைக்கட்டியை இழைத்துப் பலகையாக்குகிற கைவினைஞர். தாய்லாந்திலும் சீனாவிலும் வார்ப்பில் ஊற்றி எடுத்த பலகைகளை வாங்காதே, தெருமுனைப் பட்டறையில் உன் எடைக்கும் உயரத்துக்கும் அளவெடுத்துச் செய்துகொள் என்பது கோரிக்கை. கோரிக்கையோடு எனக்குச் சண்டையில்லை. அதற்குச் சொல்லப்படும் நியாயங்களோடுதான் சண்டை. உள்ளூர் × அயல், கை × எந்திரம், அசல் × நகல் என்று எதிர்வுகளை அடுக்கி, முதலாவதைப் புனிதமாக்கி, இரண்டாவதைத் தீட்டாக்குகிற இந்தச் சொல்லாடலை வரலாறு ஒரு நிமிஷம்கூடத் தாங்காது.

ஹவாயிலிருந்து தொடங்குவோம். அங்கே பலகை செய்வது சடங்கு. மரத்தைத் தேர்ந்ததும் அடியில் குமு என்ற சிவப்பு மீனை வைத்துப் பிரார்த்தித்துவிட்டுத்தான் வெட்டுவார்கள். கல் வாய்ச்சியால் செதுக்கி, பவளக்கல்லால் தேய்த்து, குக்குய் எண்ணெய் பூசுவார்கள். இதைக் கேட்டதும் 'ஆஹா, ஆதிப் பொதுவுடைமை' என்று நம்ம ஆட்கள் சிலர் உருகிவிடக்கூடும். உருக வேண்டாம். விலிவிலி மரத்தில் செய்த நீண்ட ஓலோ பலகை பிரபுக்களுக்குரியது. சாமானியர்க்குக் குட்டையான அலாயா. பலகையின் நீளத்திலேயே படிநிலை எழுதப்பட்டிருந்தது.

இந்தப் பலகை கலிஃபோர்னியாவுக்கு எப்படி வந்தது? 1885இல் அங்கே படித்துக்கொண்டிருந்த ஹவாய் இளவரசர்கள் மூவர், சாண்டா குரூஸில் செம்மரத்தை - நம்மூர்ச் செம்மரமல்ல, ரெட்வுட் என்கிற அந்த ஊர் மரத்தை - அறுத்துப் பலகை செய்து ஆற்றுமுகத்தில் அலையேறினார்கள். அமெரிக்கப் பெருநிலத்தில் அலைச்சறுக்கு பற்றிய முதல் பதிவு அதுதான். ஆக, கலிஃபோர்னியாவின் முதல் 'உள்ளூர்ப் பலகை' அயலார் செய்தது. எட்டாண்டு கழித்து, 1893இல், அந்த இளவரசர்களின் அரசை அமெரிக்கக் கரும்புத் தோட்ட முதலாளிகளும் வணிகர்களும் கடற்படை வீரர்களின் துணையோடு கவிழ்த்தார்கள். மூவரில் ஒருவரான கூஹியோ, 1895 எதிர்க்கிளர்ச்சியில் பங்கெடுத்துச் சிறைக்குப் போனார். 1898இல் ஹவாய் அமெரிக்காவோடு இணைக்கப்பட்டது. இந்தப் பின்னணியில், 'நம் கைவினையை ஆசியாக்காரன் திருடுகிறான்' என்று ஒரு கலிஃபோர்னியாக்காரர் சொன்னால், யாருடைய கைவினை, யார் திருடியது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

அடுத்தது, முதலில் கை, பிறகு தொழிற்சாலை என்ற வரிசை. இதுவும் சரியில்லை. லாஸ் ஏஞ்சலீஸில் ஆயத்த வீடுகள் செய்துவந்த பசிஃபிக் சிஸ்டம் ஹோம்ஸ் கம்பெனி 1930களிலேயே பலகைகளை விற்பனைச் சரக்காகத் தயாரித்தது. அதற்கு வைத்த பெயர் ஸ்வஸ்திகா! ஹிட்லரின் புண்ணியத்தில் பிற்பாடு அந்தப் பெயரைக் கைவிட்டார்கள். இன்று நாம் அறிகிற 'ஷேப்பர்' இதற்கெல்லாம் பிந்தியவர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் புழக்கத்துக்கு வந்த கண்ணாடியிழையும் ரெசினும் பெற்ற பிள்ளை. ஹோபி ஆல்ட்டர் டானா பாயிண்ட்டில் கடை திறந்தது 1954இல். அவரும் கோர்டன் கிளார்க்கும் 1958 வாக்கில் பாலியூரித்தேன் நுரையைப் பலகைக்குப் பழக்கினார்கள். பால்சா மரம் வழக்கொழிந்தது. கிளார்க் தனியே போய் 1961இல் தொடங்கிய கிளார்க் ஃபோம், நாளடைவில் அமெரிக்க நுரைக்கட்டிச் சந்தையில் பத்தில் ஒன்பது பங்கைப் பிடித்துவிட்டதாகச் சொல்வார்கள். சுதந்திரக் கைவினைஞர் என்று கொண்டாடப்பட்டவர்கள் எல்லாரும் ஒரே ஒரு ரசாயன ஆலையின் வாசலில் நின்றவர்கள்.

பட்டறைக்குள்ளும் கொஞ்சம் போய்ப் பார்க்கலாம். ஷேப்பர் நுரையை இழைத்து முடித்ததும் நடுவே ஓடும் மரச்சட்டத்தை ஒட்டிப் பென்சிலால் அளவுகளையும் தன் பெயரையும் எழுதுகிறார். அதன்மேல் கண்ணாடியிழைத் துணி போர்த்தி ரெசின் ஊற்றுகிறவர் வேறொருவர். ஸ்டைரீன் நெடியைச் சுவாசிப்பது அவர். பிறகு தேய்த்து வழவழப்பாக்குகிறவர் இன்னொருவர். உடம்பெல்லாம் அரிக்கும் தூசு அவருடையது. பெரும்பாலும் பெயர் என்னவோ ஷேப்பருக்குத்தான். 'படைப்பாளி' என்ற கருத்தாக்கம் இலக்கியத்தில் செய்கிற அதே வேலையைத்தான் இங்கேயும் செய்கிறது: பல கைகளின் உழைப்பை ஒரு கையெழுத்துக்குள் மறைக்கிறது.

அப்படியானால் எதற்காக ஆதரிக்க வேண்டும்? இங்கேதான் எனக்குப் பிடித்த இரண்டு கதைகள் வருகின்றன.

1960களின் நடுப்பகுதிவரை பலகை என்றால் ஒன்பதடிக்கு மேல், கனமானது. கலிஃபோர்னியாவின் பெரிய கம்பெனிகள் அதைத்தான் அடுக்கடுக்காகச் செய்து வைத்திருந்தன. 1967 வாக்கில் ஆஸ்திரேலியாவில் பாப் மெக்டாவிஷ், நாட் யங், அங்கே போய்ச் சேர்ந்திருந்த கலிஃபோர்னியாக்காரர் ஜார்ஜ் கிரீனோ ஆகியோர் பலகையை வெட்டிக் குறைக்க ஆரம்பித்தார்கள். காலையில் அலையில் ஏறிப் பார்ப்பது, எங்கே இடறுகிறது என்று உடம்பில் உணர்வது, பட்டறைக்குத் திரும்பி விளிம்பையோ அடிவளைவையோ மாற்றுவது, மறுபடியும் கடலுக்குப் போவது. இரண்டே ஆண்டுகளில் இரண்டடிக்கு மேல் குறைந்துபோயிற்று. கம்பெனிகளின் சரக்கு கிட்டங்கியில் தேங்கியது. பல கம்பெனிகள் படுத்துவிட்டன. கொல்லைப்புறக் கொட்டகைகளில் ஆளாளுக்குப் பலகை இழைக்கத் தொடங்கினார்கள்.

இரண்டாவது, சைமன் ஆண்டர்சன். சிட்னிக்கு வடக்கே நாராபீன் கரையைச் சேர்ந்தவர், ஆஜானுபாகு. அந்தக் காலத்தில் எல்லாரும் கொண்டாடிய இரட்டைத் துடுப்புப் பலகை அவர் எடைக்கு வழுக்கியது. 1980இல் மூன்று துடுப்பு வைத்துத் தனக்கென்று ஒன்று செய்தார். 1981இல் பெல்ஸ் கடற்கரையின் ராட்சத அலைகளில் அதே பலகையில் ஏறி ஜெயித்தார். காப்புரிமை எடுக்கவில்லை. இன்றைக்கும் உலகெங்கும் பெருவாரியாகப் புழங்குகிற அமைப்பு அதுதான். நாராபீன் பட்டறையில் பிறந்த அறிவு எந்த ஆலைக்கும் ஓசியில் கிடைக்கிறது. ஆலை மலிவாகத் தருகிறது என்கிறார்களே, அந்த மலிவில் இதுவும் அடக்கம்: சோதித்துத் தோற்ற நூறு பலகைகளின் செலவை ஆலை கணக்கில் எழுதுவதில்லை.

நான் ஆதரிப்பது இந்த உறவைத்தான். செய்கிறவருக்கும் ஏறுகிறவருக்கும் இடையில் தண்ணீரைத் தொட்டுத் திரும்பி வருகிற அறிவு. 'இடப்பக்கம் திரும்புறப்ப இழுக்குது' என்று ஒருவர் வந்து சொல்ல, இன்னொருவர் கையால் தடவிப் பார்த்து 'ஆமா, இங்கதான்' என்று சொல்லக்கூடிய தூரம். ஊரின் பெயரோ நாட்டின் கொடியோ இதற்கு அவசியமில்லை.

தாய்லாந்தின் சோன்புரியில் இருக்கும் கோப்ரா ஆலையை எடுத்துக்கொள்வோம். பாய்மரப் பலகை செய்துவந்த ஆலை. 1990களிலிருந்து சர்ஃப்டெக் போன்ற அமெரிக்கப் பெயர்களுக்கு எப்பாக்சிப் பலகை செய்து கொடுத்தது. எந்திரம் தானாகத் துப்புகிறது என்று நினைக்க வேண்டாம். அங்கேயும் துணி போர்த்துவது, தேய்ப்பது, வண்ணம் தீட்டுவது எல்லாம் கைகள்தான். அந்தக் கைகளுக்கும் அலைக்கும் நடுவே கடல் கிடக்கிறது. அவற்றுக்குரியவர்களிடம் யாரும் வந்து 'இழுக்குது' என்று சொல்லப்போவதில்லை. சொன்னாலும் மாற்றும் அதிகாரம் அவர்களுக்கில்லை. அந்நியமாதல் என்று நாம் பாடப்புத்தகமாய் ஒப்பிப்பது இதைத்தான். அவர்கள் கூலியைப் பற்றி உள்ளூர்ப் பெருமை பேசும் வாசகங்கள் வாய் திறப்பதில்லை.

2005 டிசம்பர் 5 அன்று கிளார்க் ஒரு நீண்ட கடிதத்தைத் தொலைநகலில் அனுப்பிவிட்டு ஆலையை ஒரே நாளில் மூடினார். சுற்றுச்சூழல், தீயணைப்பு அதிகாரிகளின் நெருக்கடி என்றார். தொழிலாளர் இழப்பீட்டுக் கோரிக்கைகளையும் குறிப்பிட்டார். வார்ப்புகளை உடைத்துப் போட்டார்கள். ஷேப்பர்கள் கிடைத்த நுரைக்கட்டியை எகிறிய விலைக்கு வாங்கினார்கள். ஆசிய இறக்குமதிக்குக் கதவு அகலத் திறந்தது. அரசு விதிகள் கைவினையைக் கொன்றுவிட்டன என்று அன்று புலம்பியவர்கள் உண்டு. எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. நாற்பது ஆண்டுகளாக ஓர் ஏகபோகத்தைத் தங்கள் சுதந்திரம் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் பலர் நுரை தயாரிக்க வந்தார்கள், வேறு பொருள்களும் வந்தன என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்த ரெசினும் கண்ணாடியிழையும் நமக்கு அந்நியமல்ல. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரையில் நிவாரணமாக வந்திறங்கிய படகுகள் இதே சரக்கில் ஆனவை. ஏற்கனவே தேய்ந்துகொண்டிருந்த கட்டுமரம் அதோடு மேலும் ஒதுங்கியது. (நம் 'கட்டுமரம்' ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆகி, அதே ஹோபி ஆல்ட்டர் 1960களின் இறுதியில் விற்ற இரட்டையுடல் பாய்ப்படகுக்கும் பெயராயிற்று. அதில் கட்டவும் இல்லை, மரமும் இல்லை.) அந்த நிவாரணப் படகுகளில் பலவற்றைச் செய்தவை கரையோரத்தில் திடீரென முளைத்த பட்டறைகள். உள்ளூர்ப் பட்டறைகள்தான், உள்ளூர்க் கைகள்தான். ஆனால் அளவு சொன்னவர் பணம் கொடுத்த நிறுவனத்தார். கடலுக்குப் போகிறவர் வந்து பட்டறையில் நின்று 'அணியத்தைக் கொஞ்சம் தூக்கு' என்று சொல்ல இடமிருக்கவில்லை.